ரொம்ப நாள் தனியா இருந்தா நாம பண்ற தப்புங்க

2020 லாக்டவுன்ல ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் ஊருக்கு கிளம்பிட்டாங்க, பெருங்குடி ரூம்ல நான் மட்டும், ஆபீஸ் வேலை மொத்தமும் லேப்டாப்ல, மீட்டிங்ல கூட மியூட் போட்டுட்டு சாட்ல ஓகேனு தட்டிவிட்டா முடிஞ்சுது. ஒரு நாள் சாயங்காலம் 4 மணிக்கு தண்ணி கேன் அண்ணன் வந்து "சில்லற இருக்கா தம்பி"னு கேட்டாரு, பதில் சொல்ல வாய தொறந்தா குரலே வரல, கரகரங்குது. அன்னிக்கு நான் வாய தொறந்ததே அப்பதான்னு அப்புறம்தான் உறைச்சுது. அத விட மோசம், அவரு போனதும் "ஏன் நம்மள ஒரு மாதிரி பாத்துட்டு போறாரு"னு அரை மணி நேரம் மண்டைய கொடஞ்சுட்டு இருந்தேன். பாவம் மனுஷன் மூணு மாடி கேன தூக்கிட்டு வந்து மூச்சு வாங்கிட்டு நின்னாரு, அவ்ளோதான்.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது, "நான் இன்ட்ரோவர்ட்டுப்பா, எனக்கு ஆளுங்களே ஆகாது"னு முடிவு கட்டிடுறோம். தனிமைய பத்தியே பல வருஷம் ஆராய்ச்சி பண்ண ஜான் காசியோப்போனு ஒரு அமெரிக்க உளவியல் நிபுணர் இருந்தாரு, அவரோட முக்கியமான கண்டுபிடிப்பே இதுதான்: தனிமை நீள நீள மனசு உஷார் மோடுக்கு போயிடும், அடுத்தவன் மூஞ்சில வெறுப்பு தெரியுதா, பேச்சுல குத்தல் இருக்கானு நமக்கே தெரியாம தேடிட்டே இருக்கும். தேடுனா கெடைக்காமயா போகும்? ஒதுங்குவோம், ஒதுங்க ஒதுங்க சந்தேகம் இன்னும் ஏறும். அதனால "யாரையும் பிடிக்கல"ங்கறது உங்க குணமா, இல்ல ஆறு மாசம் தனியா கெடந்ததோட விளைவானு ஒரு தடவ யோசிச்சு பாருங்க.

அடுத்தது, "மனசுதானே, தானா சரியாயிடும்". அண்டார்டிகால ஜெர்மனியோட நோய்மாயர் 3 ஸ்டேஷன்ல 14 மாசம் இருந்த 9 பேரோட மூளைய போறதுக்கு முன்னாடியும் வந்த அப்புறமும் ஸ்கேன் பண்ணாங்க, ஞாபகத்துக்கு முக்கியமான ஒரு பகுதி சராசரியா 7 சதவீதம் சுருங்கியிருந்துச்சு, 2019ல வந்த ரிசல்ட். வெறும் 9 பேருதான், அதோட இருட்டு, குளிர், தெனம் அதே வெள்ளை பனி எல்லாம் சேர்ந்தும் காரணமா இருக்கலாம், அதனால நம்ம ரூமுக்கு அப்படியே பொருத்திடாதீங்க. ஆனா "வெறும் மனசு"ங்கற பேச்சு மட்டும் வேணாம்.

நாள் கணக்குல ஏமாறுறதும் உண்டு. 1962ல மிஷேல் சீஃப்ர்னு பிரெஞ்சுக்காரர் வாட்ச் இல்லாம ஒரு குகைக்குள்ள ரெண்டு மாசம் தங்குனாரு, செப்டம்பர் 14 அன்னிக்கு வெளிய இருந்த அவரோட ஆளுங்க முடிஞ்சுதுன்னு சொன்னா அவரு கணக்குல ஆகஸ்ட் 20 தான். நம்மகிட்ட கடிகாரம் இருக்கு, சூரியன் வருது, ஆனாலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். "போன வாரம்தான அவன்கிட்ட பேசினேன்"னு நெனச்சு கால் லிஸ்ட்ட பாத்தேன், ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு.

ரீல்ஸ் பாக்குறத துணைன்னு நெனைக்கிறத பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுல இருக்கறவங்க பண்றது வேற ரகம். நாலு பேரோட பழகுனா சரியாயிடும்னு நேரா கல்யாண மண்டபத்துல கொண்டு போய் விடுவாங்க, அங்க பந்தில உக்காரதுக்குள்ள "என்னடா இப்படி இளைச்சுட்ட, எப்ப கல்யாணம்"னு மூணு பெரியம்மா கேட்டா அவன் அடுத்த ஆறு மாசத்துக்கு கதவே தொறக்க மாட்டான். தனிமைக்கு என்ன வேல செய்யுதுன்னு 2011ல பல ஆய்வுங்கள ஒண்ணா சேர்த்து பாத்தப்போ, சும்மா ஆளுங்களோட சேர்த்து விடுறத விட அந்த "என்னைய வெறுக்குறாங்க"ங்கற நெனப்ப சரி பண்றதுதான் நல்லா வேல செஞ்சுது. தூக்கம் கெட்டு, எதுலயும் பிடிப்பு இல்லாம வாரக்கணக்கா ஓடுதுன்னா பைத்தியம்னு சொல்லிடுவாங்களோனு தள்ளிப் போடாதீங்க, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416க்கு போன் போட்டா தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது, ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க.

நான் பண்ணது சின்ன விஷயம்தான், பால ஆப்ல போடுறத நிறுத்திட்டு தெனம் காலைல கடைக்கு நடந்தேன். மொத பத்து நாள் "ஒரு பாக்கெட்"ங்கறத தவிர ஒண்ணும் பேசல, பதினோராவது நாள் கடைக்காரர் "என்ன இன்னிக்கு லேட்டு"ன்னாரு.