நடக்கும்போது கை வீங்கினால்: புதிதாக நடைப்பயிற்சி தொடங்கியவர்களுக்கான செய்முறை விளக்கம்

நடக்கத் தொடங்கிக் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழிந்ததும் விரல்கள் தடித்து, மோதிரம் இறுகி, கையை முழுதாக மூட முடியாமல் போவது பலருக்கும் நேர்வதுதான். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் என்னுடன் காலையில் நடப்பவர்கள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கோடைக்காலத்தில் எனக்கும் இது பெருந்தொல்லையாக இருந்து, கீழே எழுதியிருக்கும் முறைகளால் இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. சிறுநீரகமோ இதயமோ பழுதாகிவிட்டது என்று அஞ்சி நடப்பதையே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். காலணி, உடை, எவ்வளவு தூரம் நடப்பது ஆகியவை பற்றி வேறு பலர் எழுதியிருப்பதால், நேராகக் கையின் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

காரணத்தை முதலில் புரிந்துகொண்டால் செய்முறை எளிதாகும். நடக்கும்போது உடல் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றுவதற்காக உடல் இரத்தத்தைத் தோலை நோக்கி அனுப்புகிறது. உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் நுண்குழாய்கள் மிகுதி என்பதால், வெப்பத்தை வெளியேற்றும் வேலையில் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே வந்து சேரும் இரத்தம் மேலே திரும்ப வேண்டுமானால் தசைகள் சுருங்கி விரிந்து சிரைகளை அழுத்த வேண்டும். கால்களில் கெண்டைத்தசை ஒவ்வொரு அடியிலும் அதைச் செய்துகொண்டிருக்க, கைகளோ வேலையின்றித் தொங்கி ஆடுகின்றன. அந்த ஆட்டமும் புவியீர்ப்பும் இரத்தத்தை விரல்களின் பக்கமே தள்ளுவதால் நீர் சற்றே திசுக்களில் கசிந்து தங்குகிறது. கடலோரமான நம் ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடல் குளிர்வதற்கு நேரமாகிறது. ஆகவே வீக்கமும் நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் நடந்தபோது இருந்ததைவிட இங்கே எனக்குக் கூடுதலாகவே இருந்தது.

கிளம்பும் முன்: இறுக்குவதை எல்லாம் கழற்றுங்கள்

மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நெளி மோதிரமும் அகலப் பட்டை மோதிரமும் விரலை மிகுதியாக அழுத்துகின்றன. திருமண மோதிரத்தை வீட்டில் விட மனமில்லாதவர்கள் அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளலாம். வளையல் அணிபவர்கள், மணிக்கட்டின்மேல் தடையின்றி ஏறி இறங்கும் அளவில் இருப்பவற்றை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிறு. கோயிலில் கட்டிய காப்புக் கயிறும் கண்ணேறு கழியக் கட்டிய கறுப்புக் கயிறும், நனைந்து நனைந்து முடிச்சு இறுகி, தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கயிற்றுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். கைக்கடிகாரத்துக்கும் இதே அளவுதான். நடை எண்ணும் பட்டை அணிவதானால், துளைகள் உள்ள ரப்பர் பட்டையைவிட வெல்க்ரோ வைத்த துணிப் பட்டையே மேல் என்பது என் உறுதியான கருத்து. துளைப் பட்டையில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையிலான அளவு கிடைக்காது, துணிப் பட்டையையோ நடந்துகொண்டே வேண்டிய அளவுக்குத் தளர்த்திவிடலாம்.

நடக்கும்போது: முழங்கையை மடக்குவது

இந்தப் படிதான் எனக்குக் கைவர நெடுநாள் பிடித்தது. கையைத் தொங்கவிடாமல் முழங்கையை ஏறத்தாழ 90 பாகை மடக்கி நடக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அப்படி மடக்கியதும் தோள்கள் தாமாகவே காதை நோக்கி உயர்ந்துவிடுகின்றன. பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கத் தொடங்குகிறது. வலித்ததும் கையைத் தொங்கவிட்டுவிடுகிறோம். வீக்கம் மறுபடி வந்துவிடுகிறது. கையைப் பற்றி நினைக்காமல் தோளிலிருந்து தொடங்கினால் இந்தச் சுற்றிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

முதலில் நின்ற இடத்தில் மூச்சை நன்றாக இழுத்து, தோள்களை வேண்டுமென்றே காதுவரை உயர்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே கீழே விழவிடுங்கள். தோள் கீழே இருக்கும் அந்த நிலையிலேயே முழங்கையை மடக்குங்கள். மேற்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும். இப்போது நடக்கும்போது கையை முன்னால் வீச முயலாதீர்கள்; முழங்கையைப் பின்னால் தள்ளுவதில் மட்டும் கருத்தை வையுங்கள். பின்னால் தள்ளினால் கை தானாக முன்னால் வந்துவிடும். அது மார்பின் நடுக்கோட்டைத் தாண்டவோ மார்பு உயரத்துக்கு மேல் போகவோ வேண்டியதில்லை. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் மடக்கியும் ஐந்து நிமிடம் தொங்கவிட்டும் மாறி மாறி நடந்தால் போதும். கழுத்தில் இறுக்கம் தெரிந்த கணமே நின்று, தோளை மீண்டும் விழவிட்டுத் தொடங்குங்கள்; வலியைப் பொறுத்துக்கொண்டு நடந்தால் பழக்கம் தவறாகவே படிந்துவிடும்.

இதற்கு இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். கைப்பேசி, தண்ணீர்ப் புட்டி, சாவிக்கொத்து ஆகியவற்றை இடுப்பில் கட்டும் சிறு பையில் வைத்துக்கொள்ளலாம். சேலை உடுத்து நடக்கும் பெண்கள் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பதால், மறு கை மட்டும் தொங்கி வீங்குவதைப் பார்க்கிறேன். கொசுவத்தைச் சற்றே உயர்த்திச் செருகிக்கொண்டால் இரு கைகளும் விடுபடும்.

நடுநடுவே: மூடித் திறப்பதும் உயர்த்துவதும்

நடந்துகொண்டே விரல்களை நன்றாக விரித்து, பிறகு மென்மையாக மூடுங்கள். இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. உள்ளங்கையில் ஒரு முட்டை இருப்பதுபோல் நினைத்துக்கொண்டால் அழுத்தம் சரியாக இருக்கும். நான்கு அடிக்கு ஒரு முறை மூடித் திறப்பது என்று காலின் தாளத்தோடு இணைத்துவிட்டால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இதற்கென்று விற்கும் வில் வைத்த கைப்பிடிக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது விரல் மூட்டுகளைக் களைப்படையச் செய்கிறது, நடையின் தாளத்தையும் கெடுக்கிறது. மடித்த கைக்குட்டை ஒன்றைக் கையில் வைத்து அழுத்தி விடுவது அதே வேலையைச் செய்வதோடு, வியர்வையையும் துடைக்க உதவும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை அசைத்தபடி அரை நிமிடம் நடந்து, பிறகு தோளிலிருந்து முன்னும் பின்னும் பெரிய வட்டமாகச் சில முறை சுழற்றுங்கள். கை இதயத்துக்கு மேலே இருக்கும்போது இரத்தம் தானாகவே வடிந்து வருகிறது. நேரத்தைப் பார்ப்பதைவிட இடத்தை அடையாளமாக வைத்துக்கொள்வது எளிது. மைதானத்தில் நடப்பவர்கள் ஒரு மூலையைக் குறித்துக்கொள்ளலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள், டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலை வரை ஒரு பகுதி, அங்கிருந்து வடக்கு முனை வரை இன்னொரு பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம். அந்தச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு மூடப்படுவதால், கைகளை அகல வீசிச் சுழற்ற அதைவிட நல்ல இடம் இந்தப் பகுதியில் இல்லை.

நடந்து முடித்ததும் உடனே இருசக்கர வண்டியில் ஏறிவிடாமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, குளிர்ந்த நீரில் கைகளைக் கழுவிக்கொண்டால் வீக்கம் விரைவாக வடிகிறது. கத்திரி வெயில் காலத்தில் நடையைப் பொழுது விடியுமுன் மாற்றிக்கொள்வது மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் துணை நிற்கும்.

தண்ணீர் பற்றி

கை வீங்குகிறது என்று தண்ணீரைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள், நிறையக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் தேவையற்றவை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட நடைக்குத் தாகத்துக்கு ஏற்ற வெறும் தண்ணீரே போதும்.

நெடுந்தூரம் நடக்கும்போது நிலைமை வேறு. பல மணி நேரம் நடந்துகொண்டே தாகத்துக்கு மேலாகத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்துவிடும். கை வீக்கம் அதற்கும் ஓர் அறிகுறி. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பௌர்ணமிதோறும் இங்கிருந்து திருவண்ணாமலைக்குச் சென்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கை வீக்கத்தோடு தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவை சேர்ந்தால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். 108 எண்ணை அழைக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

பயிற்சியால் வரும் வீக்கம் இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நடையை முடித்துச் சிறிது நேரத்தில் வடிந்துவிடும். ஒரு கை மட்டும் வீங்கி வலித்தாலோ, நிறம் மாறினாலோ, வீக்கம் அடுத்த நாளும் நீடித்தாலோ, முகமும் காலும் சேர்ந்து வீங்கினாலோ, வீங்கிய இடத்தை விரலால் அழுத்தியபின் குழி அப்படியே நின்றாலோ, மேலே எழுதிய எதையும் முயன்றுகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கருவுற்றிருக்கும் பெண்களுக்குக் கையும் முகமும் திடீரென வீங்குவது இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். தலைவலியோ கண் மங்கலோ உடன் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிற்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்த வாசகர் ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட தம் தாயாருக்கு, அறுவை நடந்த பக்கத்துக் கை மட்டும் வீங்குவதாக எழுதியிருந்தார். அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்களுக்கு வரும் நிணநீர் வீக்கம் முற்றிலும் வேறானது. அதற்கான பயிற்சியையும் அழுத்த உறையையும் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரே அளவெடுத்துச் சொல்ல வேண்டும். பொதுவாகவே, அழுத்தக் கையுறைகளைத் தாமாக வாங்கி மாட்டிக்கொள்வதை நான் விரும்புவதில்லை.

மூட்டுவலிக்காகக் கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர் ஒருவர், தடி பிடித்த கை வீங்குவதில்லை, மறு கைதான் வீங்குகிறது என்று குறிப்பிட்டிருந்தார். பிடியை இறுக்கி விடும்போது தசைகள் வேலை செய்வதே காரணம். அவர் மறு கையில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நடக்கலாம். இரண்டு நடைக்கோல்களை ஊன்றி நடப்பதும் நல்ல முறைதான், ஆனால் முழங்கை செங்கோணமாக இருக்கும்படி உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய கோல்களையே வாங்குங்கள்.

மோதிரம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டதால் அதையும் சேர்த்துவிடுகிறேன். இழுத்துத் திருகினால் வீக்கம் கூடும். முதலில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் சிறிது நேரம் வைத்து, பிறகு சோப்புநீரோ தேங்காய் எண்ணெயோ தடவிப் பாருங்கள். வராவிட்டால் பல்லிடுக்கைத் துப்புரவு செய்யும் தட்டையான நூலை எடுத்து, அதன் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக நுழையுங்கள். மீதி நூலை மோதிரத்தின் விளிம்பிலிருந்து தொடங்கி, நடு மூட்டைத் தாண்டும் வரை இடைவெளியின்றி விரலைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுங்கள். பிறகு, அடியில் நுழைத்த முனையை விரல் நுனியை நோக்கிப் பிடித்துச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தால், மோதிரம் நூலின்மேல் சிறிது சிறிதாக நகர்ந்து மூட்டைக் கடந்துவிடும். விரல் நீலம் பாரித்திருந்தாலோ மரத்துப்போயிருந்தாலோ நூலைத் தொடவே வேண்டாம். மோதிரத்தை வெட்டி எடுக்கும் கருவி மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் இருக்கும், வெட்டிய மோதிரத்தைப் பொற்கொல்லரிடம் கொடுத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம்.