காலண்டர் தாளின் பின்பக்கம்: பிள்ளைகளை வைத்து எழுதப் பழகுவது எப்படி

சோமனூர்ப் பக்கம், தறிக்குடோனை ஒட்டின வீடு எங்களுடையது. ராத்திரி பகல் என்றில்லாமல் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தாளிகள் வந்தால் கத்திக் கத்திப் பேசுவார்கள், எங்கள் காதில் அந்தச் சத்தம் விழுவதே கிடையாது. போன வருடம் ஒரு நடுராத்திரியில் கரண்ட் போனது. தறி நின்ற அடுத்த நிமிடம், அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, வீடு நின்னு போச்சு" என்றாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

காலையில் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் அந்த ஒரு வரியைக் கிறுக்கி வைத்தேன். ஒரு வாரம் கழித்து அதை வைத்து ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால், "நள்ளிரவின் நிசப்தத்தில் என் செல்லத் தேவதை மழலை மொழியில்" என்று ஆரம்பித்துவிட்டேன். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அதில் தறியும் இல்லை, இருட்டும் இல்லை, என் பாசம் மட்டும் பக்கம் முழுக்க வழிந்துகொண்டிருந்தது. நான் அவளைப் பார்த்து எழுதியிருந்தேன், அவள் பார்த்ததை எழுதவில்லை. பெற்றோர் எழுதுகிற முக்கால்வாசிக் கட்டுரையும் கவிதையும் கெட்டுப் போகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலையாக மழலை, பிஞ்சு, தேவதை, குட்டி, செல்லம் என்கிற ஐந்து சொல்லையும் மூட்டை கட்டி அட்டத்தில் போடுங்கள். அவை இல்லாமல் எழுத வரவில்லையென்றால் நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், பிடித்து வைக்கிற வேலை. பிள்ளை சொன்னது சாயங்காலத்துக்குள் மாறிவிடும், நாம்தான் மாற்றிவிடுவோம், கொஞ்சம் புத்திசாலித்தனம் சேர்த்து. நோட்டு வாங்கினால் அழகாக எழுதத் தோன்றும், போனில் எழுதினால் வேறெதையாவது பார்க்கப் போய்விடுவோம், இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காலண்டர் தாள்தான் சரி. முன்பக்கம் தேதி, கிழமை, ராகு காலம் எல்லாம் அச்சடித்தே இருக்கிறது, பின்பக்கம் நாலைந்து வரிக்கு மேல் இடம் கிடையாது. மளிகைக் கடையில் பில் குத்தி வைக்கிற கம்பி ஒன்று வாங்கி அதில் குத்திக்கொண்டே போகிறேன்.

அந்த நாலு வரியில் என்ன இருக்க வேண்டும்? எந்த இடம், கையில் என்ன, சொன்ன சொல், அதற்கு நீங்கள் சொன்ன பதில். கடைசியை எல்லாரும் விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அது நமக்கு அவ்வளவு பெருமையாக இருப்பதில்லை. என் கம்பியிலிருந்து ஒரு தாள்: "பாத்ரூம் வாசல். கையில் ஈரத் துண்டு. 'சோப்பு ஏம்மா ஒல்லியாயிட்டே வருது, சாப்பிடறதில்லையா?' நான்: 'சீக்கிரம் வா, வேன் வந்துரும்.'" இதில் அந்தப் பதில் இல்லையென்றால் இது வெறும் ஜோக். பதில் இருப்பதால் ஒரு வீடும் ஒரு காலை நேரமும் ஓர் அம்மாவும் உள்ளே வந்துவிட்டார்கள்.

கேள்விக்குச் சரியான விளக்கம் எழுதத் தோன்றும், வேண்டாம். அந்த வேலையை மொடக்குறிச்சி பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரன் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நமக்கு மிச்சம் இருப்பது, சோப்பு சாப்பிடுவதில்லை என்கிற சந்தேகத்தைக் கெடுக்காமல் வைத்திருப்பது.

இதைக் கதையாக்குவது எப்படி என்று கேட்டால் கன்றுக்குட்டியைத்தான் சொல்ல வேண்டும். ஆடிப் பதினெட்டுக்குத் தாராபுரம் பக்கத்தில் இருக்கிற மாமனார் தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு காங்கேயம் கன்று பிறந்து சில நாள் ஆகியிருந்தது. நல்ல சிவப்பு. மகள் அதன் கூடவேதான் கிடந்தாள். பட்டிப் பொங்கலுக்கு மறுபடி போனால் அங்கே சாம்பல் பூத்த மாதிரி ஒரு கன்று நிற்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், இது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. "செவப்புக் கன்னை வித்துப்போட்டீங்களா அப்பாரு?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். "அதேதாங் கண்ணு இது, நெறம் மாறிப்போச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல, இவள் நம்பவில்லை. அன்றைக்குப் பொங்கலை அந்தக் கன்றுக்கு ஊட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வேறு யாருடைய கன்றோ, தப்பாக இங்கே வந்துவிட்டதாம்.

இப்போது எழுதுகிறவர் முன்னால் இரண்டு வழி. நடந்ததை நடந்தபடி எழுதி, கடைசியில் நிறம் மாறுகிற விஷயத்தைச் சொல்லி எல்லாரும் சிரித்தோம் என்று முடிக்கலாம். அது துணுக்கு. இன்னொன்று, பிள்ளை நம்பியதையே உண்மை என்று வைத்துக்கொண்டு நடப்பது. சிவப்புக் கன்று விற்கப்பட்டுவிட்டது. எந்தச் சந்தைக்குப் போயிருக்கும்? வாங்கினவர் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்களா? அப்பாரு ஏன் பொய் சொல்கிறார்? இந்தச் சாம்பல் கன்றுக்கு மட்டும் எப்படி அவளுடைய வாசனை தெரிகிறது, எப்படி அவள் பாவாடை நுனியை மட்டும் தேடிவந்து சப்புகிறது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், பெரியவர்களுடைய விளக்கம் கதைக்குள் நுழையவே தேவையிருக்காது. நான் எழுதியதில் அப்பாரு கடைசிவரை விளக்கவே இல்லை, பேத்தியைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதையின் நடுப்பகுதி இன்னும் சரியாக வரவில்லை, அது வேறு விஷயம்.

கவிதை எழுத ஆசைப்படுகிறவர்கள் புது வடிவம் தேடி எங்கேயும் அலைய வேண்டாம், பிள்ளைத்தமிழ் இருக்கிறது. பத்துப் பருவம், தவழும் பிள்ளை தலையை நிமிர்த்தி ஆட்டுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி என்று பெரும்பாலும் பருவத்துக்கு ஒரே ஒரு செய்கை. பாட்டுடைத் தலைவன் அரசனோ ஆண்டவனோ, ஆனால் கவனித்ததெல்லாம் வீட்டுக் குழந்தையைத்தான். இதில் அம்புலிப் பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலாவைப் பிள்ளையோடு விளையாடக் கூப்பிட வேண்டும், அதற்கு சாமம், தானம், பேதம், தண்டம் என்று நாலு உபாயம். நீயும் இவளும் ஒன்று, வந்தால் இது கிடைக்கும், உன்னைவிட இவள் ஒசத்தி, வராவிட்டால் தெரியும் சேதி. நாங்கள் கரண்ட் போன ராத்திரிக்கு இதைப் போட்டுப் பார்த்தோம்:

கரண்டே, நீயும் இவளும் ஒரே ஜாதி, நினைத்தால் வருவீர்கள், நினைத்தால் போவீர்கள்.
வந்தால் பாதிக் கச்சாயம் உனக்கு.
நீ நின்றால் தறி நிற்கும், இவள் நின்றால் இந்த வீடே நிற்கும்.
வரவில்லையென்றால் அப்பாவிடம் சொல்லி ஃபியூஸைப் பிடுங்கிவிடுவாள்.

பெரிய கவிதை இல்லைதான். ஆனால் உட்கார்ந்த இருபது நிமிடத்தில் வந்தது. நிலாவுக்குப் பதில் பால் வேன், மழை, ஸ்கூலுக்கு லீவு, எதைக் கூப்பிட்டாலும் இந்த நாலு படியில் ஏறலாம்.

பேச்சை எழுதும்போது திருத்தாதீர்கள். "அக்கட்டால போ" என்று அம்மாயி சொன்னால் அக்கட்டாலதான், "அந்தப் பக்கம்" என்று மாற்றினால் அம்மாயி வேறு ஆளாகிவிடுவார். அதற்காக எல்லா வரியிலும் "ஏனுங்க, வாங்க, போங்க" என்று தூவினால் சினிமாவில் வருகிற கோயமுத்தூர்க்காரர் மாதிரி ஆகிவிடும். ஒரு பேச்சுக்கு ஒரு இடம் போதும்.

சொந்தப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எங்கள் தெருக் கடைசி லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்து தறிக்கு வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் தமிழைத் தெருவில்தான் கற்றுக்கொண்டான், அதனால் அவனுக்கு எல்லாமே "ங்க"தான். நாயைப் பார்த்து, "கடிக்காதீங்க, போங்க" என்றான் ஒரு நாள். நாய் போய்விட்டது. என் கம்பியில் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த தாள் அது.

ஒன்றை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டேன். மகள் படுக்கையை நனைத்ததை வைத்து ஒன்று எழுதி, சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி, அவர் குடும்பக் குரூப்பில் போட்டு, அடுத்த கல்யாண வீட்டில் பெரிய பையன்கள் அவளைக் கேலி செய்து, அவள் சாப்பிடாமலே திரும்பி வந்தாள். நானாக இருந்தால் பத்து வயதில் அதைப் படிக்க விரும்புவேனா என்று இப்போது முதலில் கேட்டுக்கொள்கிறேன். பேரை மாற்றுகிறேன், சில தாள்களைக் கம்பியோடு விட்டுவிடுகிறேன்.

எழுதி முடித்ததை வெளியே காட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கே வாசித்துக் காட்டுங்கள். எங்கே எழுந்து ஓடுகிறதோ அங்கே நீங்கள் அளந்திருக்கிறீர்கள், அந்தப் பத்தியை வெட்டலாம். கரண்ட் போன ராத்திரியைத் திரும்ப எழுதி, இந்த மாதம் மகளுக்கு வாசித்தேன். கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு, "நான் அப்படிச் சொல்லவே இல்ல. வீடு தூங்கிப்போச்சுன்னுதான் சொன்னேன்" என்றாள். எழுந்துபோய்க் கம்பியிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன், என் கையெழுத்துதான், "நின்னு போச்சு" என்றுதான் இருக்கிறது. அவளுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு, "நீ தப்பா எழுதிட்ட" என்றாள்.

அன்றைய தாளைக் கிழித்து அதையும் எழுதிக் குத்திவைத்தேன்.