இதாகா: பஸ்ஸில் ஏறி, நடந்து இறங்க வேண்டிய பல்கலைக்கழக ஊர்

நியூயார்க் மாநிலத்தில் இருந்தாலும் இதாகா நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் இல்லை. வடமேற்கே சுமார் 360 கிலோமீட்டர் தள்ளி, கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 32,000. கிழக்குக் குன்றின்மேல் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் மட்டும் 25,000க்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். தெற்குக் குன்றின்மேல் இதாகா கல்லூரி வேறு. அறை வாடகை, பஸ் நேரம், கடை மூடும் நேரம் எல்லாமே மாணவர்கள் ஊரில் இருக்கிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைகின்றன. அதனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கார்னெலின் கல்வி நாட்காட்டியை இணையத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

மே மாதக் கடைசியில் கார்னெலின் பட்டமளிப்பு விழா நடக்கும். பிள்ளையின் பட்டமளிப்புக்காகச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வரும் பெற்றோருக்கு வேறு வழியில்லை, அந்த வாரம்தான் வந்தாக வேண்டும். மற்றவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களுக்கு ஊரில் இருக்கும் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். மிச்சமிருப்பவை பல மடங்கு வாடகையில், குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைக்கும். விழா தேதி அறிவிக்கப்பட்டதுமே, ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றைப் பிடித்துவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் கார்ட்லண்ட், எல்மைரா, சிரக்யூஸ் ஆகிய ஊர்களில் தேடுங்கள். கார்ட்லண்டிலிருந்து காரில் அரை மணி நேரம். எல்மைராவுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சிரக்யூஸுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

ஆகஸ்ட் பிற்பாதியில் புது மாணவர்கள் விடுதிக்கு வரும் நாட்களிலும், இலையுதிர் காலத்தில் பழைய மாணவர்கள் திரும்பிவரும் ஹோம்கமிங் வார இறுதியிலும் இதே நெருக்கடி.

பொதுவாகப் போய்வர நல்ல காலம் இரண்டு. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை வெயில் இதமாக இருக்கும், பள்ளத்தாக்குப் பாதைகளெல்லாம் திறந்திருக்கும், வளாகத்தில் கூட்டம் இருக்காது. ஆனால் ஆகஸ்டில் மழை குறைந்தால் ஊரிலும் சுற்றிலும் உள்ள அருவிகள் மெலிந்துபோகும். இன்னொன்று செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. வகுப்புகள் நடந்துகொண்டிருப்பதால் ஊர் உயிரோடு இருக்கும், அக்டோபரில் மரங்கள் சிவந்து மஞ்சளாகும். இந்தக் காலத்தில் திங்கள் முதல் வியாழன் வரை தங்கினால் வார இறுதியைவிட வாடகை குறையும். எங்கள் பரிந்துரை இதுதான்.

நவம்பரிலிருந்து வசந்தம் வரை, பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கும் பாதைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிடுவார்கள். ஜனவரியில் இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். ஏப்ரலில் பனி உருகி அருவிகள் பொங்கி விழும். அப்போதும் பாதைகள் பல மூடியே இருப்பதால் பாலங்களின்மேல் நின்றுதான் பார்க்க முடியும்.

போய்ச் சேர்வது

இதாகாவுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. நியூயார்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் குடிவரவு, பெட்டி எடுப்பது, மன்ஹாட்டன் போய்ச் சேர்வது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து மணி நேரமாவது இடைவெளி விட்டுத்தான் பஸ்ஸை முன்பதிவு செய்ய வேண்டும். மாலையில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்கி, காலையில் கிளம்புங்கள். ஞாயிறு மாலையும் விடுமுறை முடியும் நாட்களும் மாணவர்கள் திரும்பும் நேரம்; பஸ்ஸில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.

ஊருக்கே ஒரு சிறு விமான நிலையம் உண்டு. ஆனால் விமானங்கள் சில மட்டுமே. ஒன்று ரத்தானால் அடுத்தது மறுநாளாகவும் இருக்கலாம். சிரக்யூஸ் விமான நிலையத்தில் சேவை அதிகம், பல சமயம் கட்டணமும் குறைவு. அங்கிருந்து இதாகாவுக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காரை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஊரின் மேடு பள்ளம்

வரைபடத்தில் பார்த்தால் கடைவீதியான காமன்ஸிலிருந்து கார்னெல் வளாகம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான். நடந்தே போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த தூரத்துக்குள் சுமார் 400 அடி ஏற வேண்டும். பஃபலோ தெருவின் செங்குத்து, பழகியவர்களையே நிற்க வைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களோடு வந்தால் அறை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து எடுங்கள். வளாகமே முக்கியம் என்றால் மேலே காலேஜ்டவுன் பகுதி. கடைகளும் உணவும் முக்கியம் என்றால் கீழே காமன்ஸ்.

ஊர் பஸ்ஸின் பெயர் டிகேட். பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றரை டாலர். டிரைவர் சில்லறை தரமாட்டார், சரியான தொகை கையில் இருக்க வேண்டும். 10, 30 எண் பஸ்கள் காமன்ஸையும் வளாகத்தையும் இணைக்கின்றன. செமஸ்டர் முடிந்ததும் அட்டவணை மாறும், ஓடும் பஸ்கள் குறையும். பழைய அட்டவணையை நம்பி நிறுத்தத்தில் காத்திருப்பதுதான் கோடையில் வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு.

வளாகத்தை ஒரு நாளில் பார்ப்பது

காலையில் காமன்ஸிலிருந்து பஸ்ஸில் மேலே போங்கள். கார்னெலுக்கு வெளிவாயிற்கதவு இல்லை, காவலரிடம் பெயர் எழுத வேண்டியதில்லை. திறந்தவெளியில் எங்கும் நடக்கலாம். விடுதிகளுக்குள்ளும் வகுப்புகளுக்குள்ளும் மட்டும் நுழையக் கூடாது. மாணவராகச் சேரும் எண்ணமுள்ள பிள்ளையோடு வந்தால், சேர்க்கை அலுவலகத்தின் இலவச வளாகச் சுற்றுலாவுக்கு இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

ஆர்ட்ஸ் குவாட் என்ற பெரிய புல்வெளியிலிருந்து தொடங்குங்கள். 1865இல் பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெலும் அதன் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட்டும் எதிரெதிரே சிலையாக இருக்கிறார்கள். புல்வெளியின் தென்மேற்கு மூலையில் 173 அடி உயர மெக்ரா கோபுரம். உள்ளே 21 மணிகள். மாணவர்கள் அவற்றைக் கையாலும் காலாலும் வாசிக்கும் நேரத்தில் பார்வையாளர்களும் மேலே ஏறிப் பார்க்கலாம். 161 படிகள், லிஃப்ட் கிடையாது. வாசிப்பு தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே கீழே போய் நில்லுங்கள். தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் நேரம் மாறும்.

அங்கிருந்து வடக்கே சில நிமிட நடையில் ஹெர்பர்ட் ஜான்சன் கலை அருங்காட்சியகம். கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்தது, 1973இல் திறந்தது, அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. கோபுரப் படி ஏற முடியாதவர்கள் இங்கே லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போனால் அதே ஏரியும் ஊரும் கண்ணாடி வழியே தெரியும். வயதானவர்களோடு வந்தால் இந்த ஒரு இடத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்துக்குச் சற்று வடக்கே ஃபால் கிரீக் ஆற்றின் குறுக்கே ஒரு தொங்குபாலம். அதைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினால் பீபி ஏரி. அதைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். பக்கத்தில் கார்னெலின் தாவரவியல் தோட்டம், அதுவும் இலவசம். வேளாண் கல்லூரிப் பக்கமுள்ள ஸ்டாக்கிங் கட்டடத்தில் பல்கலைக்கழகமே நடத்தும் டெய்ரி பார் கடையில் அவர்கள் தயாரிக்கும் ஐஸ்கிரீம் கிடைக்கும்.

திரும்பும்போது பஸ் வேண்டாம். காலேஜ்டவுன் பாலத்தருகே தொடங்கும் கஸ்கடிலா பள்ளத்தாக்குப் பாதையில் கல்படிகள் வழியே இறங்குங்கள். வழிநெடுக அருவிகள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான இந்தப் பாதை காமன்ஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவிடும். ஏறுவதற்கு இதைத் தேர்ந்தெடுத்தால் அதே படிகள் தண்டனையாகிவிடும். படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும், செருப்பு ஆகாது.

அருவிகளும் அவற்றின் ஆபத்தும்

பனியுகப் பனிப்பாறைகள் ஏரி இருக்கும் பெரிய பள்ளத்தை ஆழமாகக் குடைந்துவிட்டன. பக்கவாட்டில் வந்த ஓடைகளின் படுகை உயரத்திலேயே நின்றுவிட்டது. அந்த உயரத்திலிருந்து ஏரி மட்டத்துக்கு இறங்கத்தான் ஒவ்வொரு ஓடையும் பாறையை அறுத்துக்கொண்டு அருவியாக விழுகிறது. அடுக்கடுக்கான ஷேல் பாறை என்பதால், விரிசலில் நுழையும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கும். பாதைகளை மூடுவதற்குக் காரணம் பனிச்சறுக்கல் மட்டுமல்ல, மேலிருந்து விழும் கல்லும்தான். சங்கிலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள்.

ஊருக்குள் இருக்கும் ஓடைகளில் குளிக்கத் தடை உண்டு. மேலே அமைதியாகத் தெரியும் தேக்கத்துக்கு அடியில் இழுப்பு பலமாக இருக்கும். நல்ல நீச்சல்காரர்களே இறந்திருக்கிறார்கள். நீந்த ஆசைப்பட்டால் கோடையில் உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்தில் ராபர்ட் டிரேமன் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே மேல்வாசல் வழியாகப் போனால் 115 அடி உயர லூசிஃபர் அருவி கிட்டத்தில் இருக்கும்.

ஒரே ஒரு அருவிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் டகானக். ஏரியின் மேற்குக் கரையோரம் 89ஆம் எண் சாலையில் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். 215 அடி, நயாகராவைவிட உயரம். கீழ்ப்பாதை போக முக்கால் மைல், வரவும் அவ்வளவே. கிட்டத்தட்ட சமதளம், குழந்தை வண்டியையும் தள்ளிப் போகலாம். நடக்க முடியாதவர்களை மேலே உள்ள காட்சிமேடைக்குக் காரிலேயே கூட்டிப் போகலாம். மாநிலப் பூங்காக்களில் காருக்குக் கட்டணம் வாங்குவார்கள். ரசீதைத் தூக்கிப் போடாமல் அன்றைக்கே போகும் அடுத்த பூங்காவின் வாசலில் காட்டுங்கள். பள்ளத்துக்குள் செல்போன் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். புல்லிலும் புதரிலும் நடந்தால் உண்ணி ஏறும். உண்ணிக் கடியால் லைம் நோய் பரவும் பகுதி இது. அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு

சிவப்பு விளக்கில் முழுவதும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். கூடாது என்று பலகை இருந்தால் கூடாது. நியூயார்க் நகரத்துக்குள் இதற்கு அனுமதியில்லை என்பதால் அங்கிருந்து ஓட்டி வருகிறவர்கள் குழம்புவார்கள். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்ன வைத்து நின்றால் இரு திசை வண்டிகளும் நிற்க வேண்டும். அக்டோபர், நவம்பர் அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வேகத்தைக் குறையுங்கள். வளாகத்தில் நிறுத்த பெரும்பாலும் செல்போன் செயலி வழியே பணம் கட்ட வேண்டும். ஊரின் தெருக்களில் குளிர்காலத்தில் பனி அள்ளுவதற்காக இரவு நேரத்தில் ஒற்றைப்படை, இரட்டைப்படைத் தேதிக்கு ஏற்ப ஒரு பக்கம் மட்டுமே நிறுத்த விடுவார்கள். பலகையைப் படிக்காமல் தூங்கப் போனால் காலையில் அபராதச் சீட்டு இருக்கும்.

சாப்பாடும் பில்லும்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அளவு ஊர்களில் இதாகா அபூர்வமானது. டெவிட் மால் கட்டடத்தில் உள்ள மூஸ்வுட் உணவகம் 1973 முதல் சைவச் சமையலுக்குப் பெயர் பெற்றது. ஆனாலும் அமெரிக்காவில் வெஜிடேரியன் என்றால் முட்டை அடக்கம். காய்கறி சூப்பில் கோழி எலும்புச்சாறு இருக்கக்கூடும். முட்டை வேண்டாம், எலும்புச்சாறு வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். வசந்தத்திலிருந்து டிசம்பர் வரை வார இறுதியில் ஏரிக்கரையில் ஸ்டீம்போட் லேண்டிங்கில் உழவர் சந்தை கூடும். சனிக்கிழமை காலையிலேயே போனால் கார் நிறுத்த இடமும் கிடைக்கும், சூடான சாப்பாட்டுக்கு வரிசையும் குறைவு.

பட்டியலில் உள்ள விலையோடு வரி 8 சதவீதம், பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் சேரும். 40 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 3.20, டிப்ஸ் 8, ஆக 51.20 டாலர். பில்லிலேயே டிப்ஸ் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஞாயிறு, திங்களில் பல உணவகங்கள் மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் ஒன்பது மணிக்குச் சமையலறையை நிறுத்திவிடுவார்கள். இரவு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும்.

சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் நடக்க விரும்பினால் காமன்ஸில் சூரியனில் தொடங்கும் சேகன் கோள்நடை இருக்கிறது. கார்னெலில் வானியல் பேராசிரியராக இருந்த கார்ல் சேகனின் நினைவாக 1997இல் அமைத்தது. சூரியக் குடும்பத்தை 500 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி 1.2 கிலோமீட்டருக்குள் கல்தூண்களாக நட்டிருக்கிறார்கள். பூமி வரை நாலு தூண்களை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அதற்கப்புறம் தெருத்தெருவாக நடக்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்குக் கோள்களின் தூரத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கிளம்பும் நாளுக்கு ஒரு எச்சரிக்கை. விடியற்காலையில் ஊபர் கார் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், விடுமுறைக் காலத்தில் இன்னும் அரிது. முந்தின நாளே உள்ளூர் டாக்சி நிறுவனத்துக்குப் போன் செய்து நேரத்தை உறுதி செய்யுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனிப்புயலால் பஸ்ஸும் விமானமும் தடைபடலாம். ஆகவே இந்தியாவுக்குத் திரும்பும் விமானம் நியூயார்க்கிலிருந்து என்றால், அதற்கு முந்தின நாளே இதாகாவை விட்டுக் கிளம்பி விமான நிலையத்தருகே ஓர் இரவு தங்குங்கள்.