டிவி வாங்கும்போது சுவரை அளக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், என்னிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒரு வாடிக்கையாளரிடம், "4கே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் தெளிவு" என்று உறுதியாகச் சொன்னார். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒயரை மாற்றிச் செருகுவது போன்ற தவறுகள் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூரத்தை அளக்காமல் வாங்குவது

எல்லோரும் டேப்பை எடுத்துச் சுவரை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது கண்ணுக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

படத்தை உருவாக்கும் புள்ளிகள் (பிக்சல்) ஃபுல் எச்டி திரையில் 1920×1080, அதாவது சுமார் 20.7 லட்சம். 4கே திரையில் 3840×2160, அதைப்போல நான்கு மடங்கு. ஆனால் நல்ல பார்வையுள்ள கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையில் (டிகிரி) அறுபதில் ஒரு பங்கைவிட நெருக்கமான புள்ளிகளை அது பொதுவாகப் பிரித்தறியாது. இதை வைத்துக் கணக்கிட்டால், திரையின் உயரத்தைப்போல் சுமார் 3.2 மடங்கு தூரத்துக்கு அப்பால் ஃபுல் எச்டியே போதும். 4கேயின் முழு நுணுக்கமும் தெரிய அதில் பாதித் தூரத்துக்கு வர வேண்டும்.

ஒரு வயதான தம்பதிக்கு 43 அங்குல 4கே டிவியைப் பரிந்துரைத்தேன். அதன் உயரம் சுமார் 53.5 செ.மீ. ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரிய 1.7 மீட்டருக்குள் உட்கார வேண்டும். அவர்களுடைய சோபாவோ மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தது. ஒரு மாதம் கழித்துப் போனபோது, திரையின் கீழே ஓடிய எழுத்துகளைப் படிக்கப் பெரியவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "நல்ல டிவிதான் தம்பி, எனக்குத்தான் கண் போய்விட்டது" என்றார். கண்ணில் குறை எதுவும் இல்லை. அவரை நான்தான் தவறாக வாங்க வைத்தேன். அந்தக் கூடுதல் பணத்தை அளவில் போட்டு 55 அங்குலம் எடுத்திருந்தால், பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடியிருக்கும்.

இப்போது பெரிய திரைகளில் பெரும்பாலானவை 4கேயாகவே வருகின்றன. ஆகவே யோசிக்க வேண்டியது அளவைப் பற்றித்தான். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரத்துக்கு வெட்டிச் சுவரில் மாட்டுங்கள். அதுதான் 55 அங்குலம். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதைப் பாருங்கள். சிறியதா பெரியதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அங்குலத்தை அகலம் என்று நினைப்பது

அது மூலைக்கு மூலை அளந்த நீளம்.

'எச்டி ரெடி'யை ஃபுல் எச்டி என்று நம்புவது

அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் 1366×768. புள்ளிக் கணக்கில் ஃபுல் எச்டியில் பாதி.

எச்டிஆரை எச்டியோடு குழப்பிக்கொள்வது

எச்டிஆர் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலுள்ள வீச்சைக் குறிப்பது. புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஓரம் வெட்டுப்படுவதைக் கவனிக்காமல் விடுவது

கணினியை இணைத்துப் பாருங்கள். திரையின் கீழ் மூலையில் கடிகாரம் பாதி மறைந்திருந்தால், டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது என்று பொருள். படக்குழாய் டிவி காலத்துப் பழக்கம் இது. ஓரம் போவதோடு எழுத்துகளும் மங்கும். பட அளவு அமைப்பில் புள்ளிக்குப் புள்ளி காட்டும் தேர்வு இருக்கும். அதன் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

என்ன பார்ப்பார்கள் என்று கேட்காமல் விடுவது

720×576 அளவுள்ள பழைய எஸ்டி (சாதாரணத் தெளிவு) ஒளிபரப்பை 4கே திரையில் போட்டால், 20 புள்ளிகளில் 19 டிவி ஊகித்து நிரப்புபவை. அருகில் உட்கார்ந்தால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரியும். நாள் முழுக்க அத்தகைய சேனல்களையே பார்க்கும் வீட்டில், திரையைப் பெரிதாக்கும் முன் எச்டி இணைப்பு வாங்கச் சொல்கிறேன்.