சனம் கோவிச்சா குடும்பக் கடைக்காரர் விடுற பிழையள்

யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிப் பக்கம் வெளிநாட்டால வந்த ஒரு குடும்பம் புதுசா கடை திறந்து, ஒரு வீடியோவால சனத்திட்ட வாங்கிக் கட்டிக்கொண்டு நிக்கினம். தகப்பன் ஒரு விளக்கம், மகன் ஒரு போஸ்ட், மருமகன் கொமெண்டில சண்டை. பாக்க எனக்கு நெஞ்சு பதறுது, இதையேதான் நாங்கள் கனடாவில, ஸ்காபரோவில சாப்பாட்டுக் கடை நடத்தேக்க செய்து கெட்டனாங்கள். தூசணம் எழுதக்கூடாது எண்டது எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம்.

ஒரு கடைக்கு மூண்டு வாய்

2015 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. அங்க பிளாக் ஃப்ரைடே எண்ட மலிவு விற்பனை நாள், எங்களுக்குப் போரில செத்த போராளியளை நினைக்கிற மாவீரர் நாள். தம்பி யோசிக்காமல் பேஸ்புக்கில போஸ்டர் போட்டிட்டான்: 20 மட்டன் ரோல்ஸ் வாங்கினா 5 இலவசம், பின்னேரம் 6 மணியிலயிருந்து. அதுதான் சனம் விளக்கேத்துற நேரம். சனம் கோவிச்சது முழுக்க நியாயம், எங்கட குடும்பத்திலயும் மாவீரர் இருக்கினம், அம்மா அண்டைக்குச் சாப்பிடவே இல்லை.

பிழை அந்தப் போஸ்டரோட நிண்டிருந்தா கடை தப்பியிருக்கும். தம்பி "டிசைன் செய்தவன்ர பிழை" எண்டு எழுதினான், அப்பா ரேடியோவுக்கு கோல் எடுத்து "ஆரோ ஹாக் பண்ணிப்போட்டாங்கள்" எண்டார், சித்தி சொந்தக்காரர் குரூப்பில "வாடகை ஆர் கட்டுறது, ஒருநாள் யாவாரம் செய்தா என்ன" எண்டு வொய்ஸ் போட்டா. விடியிறதுக்கிடையில மூண்டும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஊரெல்லாம் சுத்துது. "தெரியாமல் செய்திட்டாங்கள்" எண்டு எங்களுக்காகக் கதைச்ச ஆக்களும் வாயை மூடிட்டினம், பொய் பிடிபட்டிட்டுதெல்லே. டிசம்பரில இருந்த சாமத்திய வீடு, பிறந்தநாள் எண்டு 11 ஓடர் போச்சு, அட்வான்சைத் திருப்பிக் குடுத்தம். இப்பவும் எரிச்சல்தான். அண்டிரவு எல்லாரும் குசினி மேசையில இருந்து ஆர் கதைக்கிறது, என்ன சொல்லுறது எண்டு முடிவெடுக்க அரை மணித்தியாலம் காணும். "நான்தான் போட்டனான், யோசிக்காமல் போட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு தம்பி தன்ர பேரில எழுத, மற்ற ஆக்கள் போனைக் கீழ வைச்சிருக்கோணும்.

போஸ்டைச் சத்தமில்லாமல் அழிக்கிறது

ஸ்கிரீன்ஷொட் ஏற்கெனவே சனத்திட்ட இருக்கும். ஏன் அழிக்கிறம் எண்டு எழுதிப்போட்டு அழியுங்கோ.

சொந்தக்காரரைக் கொண்டு அஞ்சு ஸ்டார் போடுறது

வேண்டாம்.

வேலை செய்த பொடியனில பழி போடுறது

தம்பி பழி போட்ட மூண்டாம் நாள் அந்த டிசைன் பொடியன் தனக்கு வந்த மெசேஜை வெளியில விட்டான். தம்பி அனுப்பினதுதான்: "6 மணி எண்டதைப் பெருசாப் போடு."