செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள்: சால்ஸ்பரி, பாத், லேகாக் மூன்று நாள் பயணம்

நான் முதல்முறை சால்ஸ்பரி போனது ஒரு திங்கட்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த மாமாவும் அத்தையும் கூட இருந்தார்கள். "எண்ணூறு வருஷத்துச் சந்தை" என்று ரயிலில் ஒன்றரை மணி நேரம் அளந்துகொண்டு போய் இறங்கினால், சதுக்கத்தில் நாலு பெஞ்சும் நாற்பது புறாவும்தான் இருந்தன. அத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சந்தை எங்கப்பா?" என்று கேட்டார். அது செவ்வாயும் சனியும் மட்டும்தான் கூடும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரிட்டனில் ஊர் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை, தேவாலயம் என்று தொடங்குவார்கள். கல் கட்டடம் எங்கேயும் ஓடிவிடாது. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் கூடிக் கலைவது சந்தைதான். அதனால் சந்தை நாளை முதலில் குறித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். கார் இல்லாமல், லண்டனிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரக்கூடிய ஒரு மூன்று நாள் சுற்றை வைத்து, அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

படி 1: நாள் குறிப்பது

சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் மறுநாள் ஞாயிறு. அன்றைக்குக் கிராமத்துப் பஸ் அபூர்வம். தண்டவாள வேலைகளையும் ஞாயிறு பார்த்துத்தான் அதிகம் வைத்துக்கொள்வார்கள். ரயில் டிக்கெட் வாங்கியவரைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே விடுப்பு கிடைத்தால் செவ்வாய், புதன், வியாழன். "செவ்வாயோ வெறுவாயோ, அன்றைக்கா கிளம்புவாய்?" என்று வீட்டில் பெரியவர்கள் இழுத்தால், மூன்றாம் ஹென்றி மன்னர் 1227-இல் சால்ஸ்பரியின் செவ்வாய்ச் சந்தைக்குச் சாசனமே கொடுத்திருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். என் அம்மாவிடம் எடுபடவில்லை.

மாதம் என்றால் மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், பாதி நாள் போச்சு.

படி 2: டிக்கெட்

போவது லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து, திரும்புவது பேடிங்டனுக்கு. சுற்றி வருவதால் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காதீர்கள். வாட்டர்லூ-சால்ஸ்பரி, சால்ஸ்பரி-பாத், பாத்-சிப்பன்ஹாம், சிப்பன்ஹாம்-பேடிங்டன் என்று தனித்தனியாக எடுங்கள். முதல் துண்டு ஒன்றரை மணி நேரம், இரண்டாவது ஒரு மணி, மூன்றாவது கால் மணி, கடைசி ஒன்றேகால் மணி அளவில் இருக்கும்.

இரண்டு பேர் சேர்ந்து போவதானால் 'டூ டுகெதர்' ரயில்கார்டு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லும். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 'குரூப்சேவ்' என்ற சலுகை பல ரயில்களில் உண்டு, அதற்குக் கார்டே வேண்டாம். காலை அலுவலக நேரத்து ரயிலில் மட்டும் ஏறாதீர்கள். அதே இருக்கைக்குப் பல மடங்கு விலை.

இன்னொரு கணக்கு. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம், லேகாக் கிராமத்து மடம் இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பில் உறுப்பினராக இருந்தால் இரண்டுமே இலவசம். இங்கேயே வசித்து, வருஷத்துக்கு நாலு இடம் பார்க்கிற குடும்பம் என்றால் உறுப்பினராவதே லாபம். விருந்தாளியாக வந்து போகிறவர்களுக்கு அது வேண்டாத செலவு.

படி 3: செவ்வாய் காலை, சந்தை

ரயில் நிலையத்திலிருந்து சதுக்கத்துக்குப் பத்து நிமிஷ நடை. போகிற வழியில் தெருப் பெயர்களைக் கவனியுங்கள். மீன் வரிசை, கசாப்புக்காரர் வரிசை, மாட்டு வரிசை, ஓட்ஸ் மாவு வரிசை, உப்புச் சந்து. எந்தச் சரக்கு எங்கே விற்றதோ அதுவே தெருவின் பெயராக நின்றுவிட்டது. மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம், வெங்காய மார்க்கெட்டும் வளையல்காரத் தெருவும் பார்த்தவர்கள். மூலையில் அறுகோணமாக ஒரு கல் மண்டபம் நிற்கும். கோழி விற்ற இடம், பெயரும் 'பவுல்ட்ரி கிராஸ்'. இந்த மாதிரி நாலு மண்டபம் இந்த ஊரில் இருந்ததாம், மிஞ்சியது இது ஒன்று.

பழக்கடையில் விலைப் பலகையைப் பார்ப்பதற்கு முன் கிண்ணங்களைப் பாருங்கள். நம் ஊரில் சாக்கு விரித்துத் தக்காளியைக் கூறு கட்டி வைப்பார்களே, அதே கதைதான். இங்கே கூறு கட்டுவது கிண்ணத்தில். ஒரு கிண்ணம் மிளகாய், ஒரு கிண்ணம் எலுமிச்சை, ஒரு கிண்ணம் செர்ரி என்று வரிசையாக இருக்கும். ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு என்று கிண்ணத்துக்குத்தான் விலை, எடைக்கு அல்ல. கை காட்டினால் அப்படியே பையில் கவிழ்த்துக் கொடுப்பார். அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

பேரம் பேசாதீர்கள். கடைக்காரர் கோபப்பட மாட்டார், ஆனால் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். விலை குறைய வேண்டுமானால் கடை எடுத்து வைக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் அவர்களே கூவிக் கூவிக் குறைப்பார்கள். வங்கி அட்டை பெரும்பாலான கடைகளில் செல்லும். இருந்தாலும் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள், சில ஊர்களில் கழிப்பறைக்கே காசு போட வேண்டும்.

மதியச் சாப்பாட்டையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் என்றால் முழு உருளைக்கிழங்கைச் சுட்டுப் பிளந்து சீஸும் பீன்ஸும் போட்டுத் தருவதைக் கேளுங்கள். எங்கே போனாலும் ஏமாற்றாது. ருசி உங்கள் கையிலுள்ள ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பொறுத்தது.

படி 4: செவ்வாய் மதியம், பேராலயம்

இந்தச் சுற்றில் உங்கள் நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே போனதும் நேராக நடுவில், கோபுரத்துக்குக் கீழே போய் நில்லுங்கள். 1220-இல் கட்டத் தொடங்கி 38 வருஷத்தில் முக்கியக் கட்டடத்தை முடித்துவிட்டார்கள். உயரமான கோபுரம் பின்னால் வந்த யோசனை. 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான தேவாலய ஊசிக்கோபுரம். அதைத் தாங்கத்தான் கீழேயுள்ள தூண்கள் கட்டப்பட்டனவா என்றால், இல்லை. தூணை ஒட்டி நின்று தலையை அண்ணாந்து, கண்ணால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள். பாதியில் கல் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். கோபுரமும் சுமார் 70 சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது. தரையில் அதற்குப் பித்தளை அடையாளம் பதித்திருக்கிறார்கள். மாமா அந்தப் பித்தளைக்கு மேல் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை.

அடுத்து கடிகாரம். 1386 வாக்கில் செய்தது, இன்னும் ஓடுகிறது. அதில் முள் இல்லை, எண் இல்லை, முகமே இல்லை. இரும்புச் சட்டம், பல்சக்கரம், கயிறு, கல் எடை அவ்வளவுதான். மணி அடிப்பது மட்டும்தான் அதன் வேலை. தெரியாதவர்கள் பழைய இயந்திரம் ஏதோ கிடக்கிறது என்று தாண்டிப் போவார்கள்.

கடைசியாக எண்கோண மண்டபத்தில் மாக்னா கார்ட்டா. 1215-இல் ஜான் மன்னர் முத்திரையிட்ட சாசனத்தின் பிரதிகளில் இன்று மிஞ்சியிருப்பவை நாலு, அதில் நன்றாக இருப்பது இது. ஒரே தோலில், பொடிப் பொடி லத்தீன் எழுத்தில் சுமார் 3,500 சொற்கள். பிரபுக்களின் உரிமை, நியாயமான விசாரணை என்று பெரிய விஷயங்களுக்காக இதைக் கொண்டாடுவார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு வரி: நாடு முழுக்க மதுவுக்கும் தானியத்துக்கும் ஒரே அளவு, துணிக்கு ஒரே அகலம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. காலையில் கிண்ணத்தின் அடியை எட்டிப் பார்த்தோமே, அந்தச் சந்தேகம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

பார்வையாளருக்குக் கட்டணம் உண்டு. முன்கூட்டி இணையத்தில் எடுங்கள். மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. நம்பிக்கை எதுவானாலும், அந்தக் கல்லுக்கு நடுவே பாட்டு எழும்புவதை ஒருமுறை உட்கார்ந்து கேட்கலாம். கேட்பவர் கேட்கலாம், படம் எடுப்பவர் மட்டும் போனை உள்ளே வைத்துவிட வேண்டும். இரவு சால்ஸ்பரியிலேயே தங்குங்கள்.

படி 5: புதன் காலை, ஸ்டோன்ஹெஞ்ச்

சால்ஸ்பரி ரயில் நிலைய வாசலிலிருந்தே பஸ் உண்டு. நுழைவு நேரத்தைக் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், ஆகவே முதல் பஸ்ஸுக்கு ஏற்ற நேரமாகப் பார்த்து எடுங்கள். பார்வையாளர் மையத்துக்கும் கற்களுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஏற்றிப்போக வண்டி இருக்கிறது. போகும்போது வண்டி, வரும்போது புல்வெளியில் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கற்களைத் தொட முடியாது. கயிறு கட்டியிருக்கும், சுற்றி வரலாம். காற்று எலும்பில் இறங்கும், ஜூலையிலும் ஒரு ஜாக்கெட் எடுத்துப் போங்கள். சுமார் 4,500 வருஷத்துக்கு முன் நிறுத்திய பெரிய கற்கள் சராசரி 25 டன். சிறியவை வேல்ஸ் நாட்டு மலையிலிருந்து வந்தவை, 200 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கிடக்கும் பலிபீடக்கல் ஸ்காட்லாந்தின் வடக்கிலிருந்து வந்தது என்று 2024-இல் கண்டுபிடித்தார்கள். இத்தனையையும் 1915-இல் சால்ஸ்பரியில் நடந்த ஏலத்தில் செசில் சப் என்ற உள்ளூர்க்காரர் 6,600 பவுண்டுக்கு எடுத்தார். மூன்று வருஷம் கழித்து நாட்டுக்கே கொடுத்துவிட்டார். சந்தை ஊர் என்றால் இதுவும் ஏலத்துக்கு வரும்போல.

படி 6: புதன் மாலையும் வியாழன் காலையும், பாத்

தேன் நிறக் கல்லில் ஒரு முழு ஊர். ரோமானியக் குளத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். 46 டிகிரி வெந்நீர், ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் இன்னும் ஊறுகிறது. இந்தக் குளத்தில் குளிக்க முடியாது. கூட்டம் குளத்தங்கரையில் நிற்கும்போது நீங்கள் அருங்காட்சியகத்தில் ஈயத் தகடுகளைத் தேடிப் போங்கள். போர்வை திருடியவன், குளிக்கும் உடுப்பைத் திருடியவன் நாசமாகப் போகட்டும் என்று சூலிஸ் மினர்வா தேவியிடம் எழுதிச் சுருட்டி நீரில் போட்டிருக்கிறார்கள், சுமார் 130 தகடுகள். ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

வியாழன் காலை, இரு பக்கமும் கடை கட்டிய புல்டனி பாலத்தை ஒட்டியுள்ள கில்டுஹால் சந்தைக்குள் போங்கள். கூரை போட்ட சின்னச் சந்தை. நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கல்மேசை நிற்கும், பெயர் 'ஆணி'. அதன்மேல் காசை வைத்துத்தான் வியாபாரத்தை முடிப்பார்களாம். 30 வீடுகள் பிறை வடிவில் நிற்கும் ராயல் கிரெசென்ட் மேட்டின்மேல் இருக்கிறது. மூட்டுவலிக்காரரைக் கூட்டிப் போகாதீர்கள்.

படி 7: வியாழன் மதியம், லேகாக்

பாத்திலிருந்து ரயிலில் சிப்பன்ஹாம், அங்கிருந்து பஸ். இதை எழுதும்போது இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு மூன்று பவுண்டுதான் உச்சவரம்பு. இறங்கியதும் முதல் வேலை, நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் திரும்பும் நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்வது. சாயங்காலம் பஸ் குறைவு, சிக்னலும் நம்ப முடியாது.

நாலே தெரு. 1944-இல் மட்டில்டா டால்பட் என்ற அம்மையார் மடத்தையும் கிராமத்தையும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். தலைக்கு மேல் மின்கம்பி எதுவும் போகாது. அதனால் சினிமாக்காரர்களுக்குச் செல்லமான ஊர். ஆனால் உள்ளே குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. ஜன்னல் வாசலோடு ஒட்டியிருப்பதால் எட்டிப் பார்க்கத் தோன்றும். உள்ளே யாரோ சோறு தின்றுகொண்டிருப்பார்கள். வயல் வழியே நடந்தால், நடைபாதைப் பலகை உள்ள வழியில் மட்டும் போங்கள், தட்டிக் கதவைத் திறந்தவரே மூடிவிடுங்கள். ஆடு வெளியே போய்விட்டால் பதில் சொல்வது நீங்கள். பப்பில் சமையலறை இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடக்கூடும், பசியோடு போகாதீர்கள்.

மடத்தை 1232-இல் கட்டியவர் எலா, சால்ஸ்பரியின் சீமாட்டி. செவ்வாய்க்கிழமை பார்த்த பேராலயத்துக்கு 1220-இல் அடிக்கல் வைத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் கணவர் வில்லியம் லாங்கெஸ்பேயின் கல்லறை அந்தப் பேராலயத்துக்குள்தான். மாக்னா கார்ட்டாவின் தொடக்கத்திலும் அந்தக் கணவர் பெயர் இருக்கிறது.

மடத்தின் தெற்குக் கூடத்தில், தோட்டத்தைப் பார்த்தபடி கட்டம் கட்டமாகக் கண்ணாடி பதித்த ஒரு ஜன்னல் இருக்கிறது. 1835 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் ஒரு சின்னப் பெட்டியை வைத்து அந்த ஜன்னலைப் படம் பிடித்தார். இன்று கிடைப்பதில் மிகப் பழைய கேமரா நெகட்டிவ் அது, தபால்தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நாங்கள் போனபோது அறையில் வேறு யாருமில்லை. அத்தை போனை எடுத்து, தானும் மாமாவும் ஜன்னலும் விழும்படி ஒரு படம் பிடித்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததில் இருவர் முகமும் கறுப்பாக விழுந்துவிட்டது. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.