வீட்டை இடிக்கும்போது தண்ணீர் எங்கே போகிறது? முதல்முறை இடிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

சென்னை நங்கநல்லூரில் எங்கள் பழைய வீட்டை இடித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. 1979-ல் அப்பா கட்டியது. ஒரு கிரவுண்டு மனை, தரைத்தளம், மாடியில் ஒற்றை அறை. இடிப்பு என்றால் பத்து நாள் தூசி, இரைச்சல், லாரி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நான்காம் நாள் சாயங்காலம் பெரியம்மா பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "உங்க வீட்டை இடிச்சா எங்க பாத்ரூம்ல ஏம்ப்பா சிமெண்ட் தண்ணி வருது?" என்று கேட்டார். இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

அனுமதி வாங்குவது, காண்டிராக்ட் பேசுவது, பழைய கம்பியை என்ன விலைக்கு விடுவது, இதெல்லாம் இதில் இல்லை. இடிக்கிற நாட்களில் தண்ணீரையும் தூசியையும் எப்படிக் கண்காணிப்பது என்பது மட்டும்தான்.

படி 1: சம்மட்டி படுவதற்கு முன் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று பாருங்கள்

மனையில் தண்ணீர் போகும் வழி, நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கழிவுநீர் சேம்பர், மொட்டைமாடி மழைநீர்க் குழாய்கள், பழைய செப்டிக் டேங்க், கிணறு, போர் (ஆழ்துளைக் கிணறு), சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), தெருவில் இருக்கும் மழைநீர் வடிகாலின் வாய். பழைய பிளான் கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பாதீர்கள். எங்கள் பிளானில் பின்பக்கக் குளியலறையே இல்லை. பாட்டிக்காக 1986 வாக்கில் சேர்த்தது அது.

நான் சறுக்கிய இடமும் அதுதான். தெருப்பக்கச் சேம்பரில் எங்கள் இணைப்பை அடைத்துவிட்டோம். பின்பக்கக் குளியலறையிலிருந்து ஒரு நாலு அங்குலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) குழாய் மதிலை நோக்கிப் போவதை நானும் பார்த்தேன், மேஸ்திரியும் பார்த்தார். "அது டெட் லைன் சார், அதுல எதுவும் போகாது" என்றார். நானும் தலையாட்டினேன். அப்பாவும் பெரியப்பாவும் மனையைப் பாகம் பிரிப்பதற்கு முன்பு போட்ட குழாய் அது. பெரியப்பா வீட்டுச் சேம்பருக்குள் போய் இறங்குகிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களும் இப்போது இல்லை. தூசி அடங்க நாங்கள் அடித்த தண்ணீர், காரைப் பொடியையும் சிமெண்ட் துகளையும் கரைத்துக்கொண்டு, மூன்று நாள் அந்த வழியாகவே போயிருக்கிறது. அவர்கள் சேம்பரில் அது படிந்து இறுகி, கடப்பாரை போட்டுப் பெயர்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. அடைப்பெடுக்கும் லாரி இரண்டு முறை வந்தது. பெரியம்மாவோடு பழையபடி பேச ஒரு பொங்கல் ஆயிற்று.

இதைத் தவிர்க்க அரை மணி நேர வேலை போதும். ஒரு வாளித் தண்ணீரில் உணவுக்குப் போடும் பச்சைக் கலர் பொடியைக் கெட்டியாகக் கரையுங்கள். கேசரிப் பவுடர் வேண்டாம். நானும் முதலில் அதைத்தான் எடுத்தேன், சாக்கடைத் தண்ணீரில் ஆரஞ்சு நிறம் தெரியவே இல்லை. எல்லா மூடிகளையும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை நிறுத்துங்கள். உங்கள் சேம்பர் மட்டும் போதாது, இரண்டு பக்கத்து வீட்டுச் சேம்பர்களும் வேண்டும். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிறகு கழிப்பறை, தரைத் துவாரம், மாடிக் குழாய் என்று ஒன்று ஒன்றாக ஊற்றி, பின்னாலேயே இரண்டு வாளி வெறும் தண்ணீர் விடுங்கள். பச்சை எங்கே வருகிறதோ அதைத் தாளில் கோடு போட்டுக் குறியுங்கள்.

கலர் எங்குமே வரவில்லை என்றால் பலரும் "அடைத்துப் போன லைன்" என்று விட்டுவிடுவார்கள். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் இறங்குகிறது என்றால் அது எங்கோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. நிற்கிற லைன்தான் டெட் லைன். இறங்குகிற லைனுக்கு முடிவு தெரியும்வரை பின்பக்கத்தை இடிக்க விடாதீர்கள்.

அடைப்பதற்குச் சாக்கைத் திணித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இரண்டு நாளில் சாக்கும் சேர்ந்து உள்ளே போய்விடும். திருகினால் விரிந்து இறுகும் ரப்பர் அடைப்பான் குழாய்க் கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டு, மேலே செங்கல் வைத்துப் பூசிவிடுங்கள். தெரு மேன்ஹோலில் கை வைக்காதீர்கள், அது குடிநீர் வாரியத்தின் வேலை.

செப்டிக் டேங்க் இருந்தால் லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம்தான் உடைக்க வேண்டும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். நிமிடங்களில் ஆளைக் கொல்லும் விஷவாயு அதில் இருக்கும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி இறக்குவதும் குற்றம். "ஒரு அஞ்சு நிமிஷம்தான் சார்" என்று யாராவது சொன்னால் வேலையை நிறுத்துங்கள்.

படி 2: தாழ்வான மூலை எது?

கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) போதும். எங்கள் மனையில் கேட் பக்கம்தான் தாழ்வு என்று நாற்பது வருடமாக நினைத்திருந்தோம். அளந்தால் அடுப்படி மூலை நாலு அங்குலம் கீழே இருந்தது. தளத்தைப் பெயர்த்த பிறகு வாட்டம் மாறும், அப்போது மறுபடி அளக்க வேண்டும்.

ஒரு கணக்கையும் போட்டுவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 11,000 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணீர் லாரி. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது அதிசயமில்லை. ஜனவரி முதல் மே வரைக்குள் இடித்து முடிப்பது உத்தமம். நாங்கள் செப்டம்பரில் ஆரம்பித்தோம், சாயங்கால இடிமழையில் மாட்டிக்கொண்டோம்.

படி 3: சம்பைக் கடைசிவரை உடைக்காதீர்கள்

எல்லோரும் முதல் வாரமே சம்பை உடைத்து மண் போட்டு மூடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இருக்கிற சம்ப்தான் கைச்செலவில்லாத வண்டல் தொட்டி. மனையின் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி அதில் விடுங்கள். துகள் அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீரைச் சின்ன மோட்டாரால் எடுத்து மறுநாள் தூசிக்குத் தெளிக்கலாம். மோட்டாரின் உறிஞ்சும் முனையை அடியில் போடாமல் ஒரு காலி கேனில் கட்டி மிதக்க விடுங்கள். சம்பின் வாயில் கம்பி ஜாலி போட்டு மூடுவது கட்டாயம். சம்ப் இல்லாவிட்டால் தாழ்வான மூலையில் ஆறடிக்கு நாலடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி. சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளியே தோண்டுங்கள்.

மதிலையும் கடைசியில் இடியுங்கள், சேற்றை அதுதான் தடுக்கும். ஆனால் இடிந்த குப்பையை அதன்மேல் சாய்த்துக் குவித்தால் மழையில் ஊறி மதிலே சாயும்.

தெரு வடிகாலின் வாய்க்கு மணல் மூட்டை வைப்பார்கள். மணல் தண்ணீரை மறிக்கும், கொஞ்ச நாளில் மூட்டை கிழிந்து மணலே வடிகாலுக்குள் போகும். வெங்காயம் வரும் வலைச் சாக்கில் முக்கால் அங்குல ஜல்லியை நிரப்பி, மேலே கோணியைச் சுற்றி வையுங்கள். தண்ணீர் கசிந்து போகும், சேறு நிற்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை முன்னால் சேர்ந்த சேற்றை வழித்து எடுக்க வேண்டும்.

படி 4: தினமும் காலையில் பத்து நிமிடம்

ஒரு நோட்டு, ஒரே இடத்தில் நின்று எடுத்த மூன்று புகைப்படங்கள்: வடிகால் வாய், தாழ்வான மூலை, பக்கத்து வீட்டுச் சேம்பர். இதற்கென்று செயலி எதுவும் வேண்டாம். நேராக நிற்கும் ஒரு எவர்சில்வர் டப்பாவை வெட்டவெளியில் வைத்து, உள்ளே ஸ்கேல் விட்டு மழையை அளந்து எழுதுங்கள். மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான மழையும் உங்கள் தெருவில் பெய்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வெளியே விடும் தண்ணீருக்கு இரண்டு சோதனை. முதலாவது கலங்கல். வெறும் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் இன்னும் ஒரு ராத்திரி சம்பிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது காரத்தன்மை. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய கான்கிரீட்டின் வெளிப்பக்கத்தில் காற்றுப்பட்டுக் காரம் செத்திருக்கும், உடைத்ததும் உள்ளே இருக்கும் காரம் வெளிப்படும்.  பொடி ஊறிய தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 11, 12 வரை போகலாம். வெளியேற்றும் கழிவுநீருக்கான பொது வரம்பு 5.5 முதல் 9 வரை. ஆரத்தி எப்படிக் கரைக்கிறோம்? மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறது இல்லையா, அதே வேதியியல்தான். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் மஞ்சள் தூளைக் கரைத்து, கெட்டியான வெள்ளைத் தாளை நனைத்துக் காயவைத்து, துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் தண்ணீரில் தோய்த்ததும் செங்காவி நிறம் ஏறினால் அதை வெளியே விடாதீர்கள். சரியான எண் வேண்டுமென்றால் பிஎச் தாள் வாங்குங்கள், பேனா மாதிரி வரும் மலிவு மீட்டரைவிட எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. என் மீட்டர் ஒரே தம்ளர் தண்ணீருக்குக் காலையில் 8, மாலையில் 10 காட்டியது.

காரத்தைக் குறைக்க ஆசிட் ஊற்றச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். சிறு மனைக்கு அந்தத் தண்ணீரை மனைக்குள்ளேயே தூசிக்குத் தெளித்துத் தீர்த்துவிடுவதுதான் எளிது. தெளிக்கிற ஆள் கையுறை போடட்டும்.

தெளிப்பதிலும் அளவு உண்டு. ஓஸ் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டால் தூசி போய்ச் சேறு வரும். கோலம் போடுவதற்கு முன் வாசல் தெளிப்போமே, அந்த அளவுதான். உடைக்கிற இடத்தில், உடைக்கும்போதே. சாயங்காலம் மொத்தமாக அடிப்பதில் பயனில்லை.

படி 5: தூசியும் ஆஸ்பெஸ்டாஸும்

காற்றில் பிஎம் 10 துகளுக்கு (10 மைக்ரோமீட்டருக்குள் இருக்கும் நுண்தூசி) 24 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். கையடக்க மீட்டரில் ஒரு நிமிடம் 400 காட்டியதும் பதறுவதும், 60 காட்டியதும் நிம்மதியாவதும் இரண்டுமே தப்பு. சராசரிதான் கணக்கு. பச்சை வலையைத் தரையிலிருந்து கட்டுங்கள், பலர் கீழே மூன்றடி விட்டுக் கட்டுகிறார்கள்.

மாடி அறையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டா? அதை முதலிலேயே நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். மேலிருந்து தள்ளி உடைத்தால் நுரையீரலில் தங்கும் நார் தெரு முழுக்கப் பறக்கும். இறக்கியதை பாலிதீனில் சுற்றித் தனியாக வைத்து, மற்ற குப்பையோடு கலக்காமல் அனுப்புங்கள். மதில் ஓரம் கிடந்த அந்தக் கல்நார்க் குழாய்க்கும் இதே விதிதான்.

2016 நவம்பர் 2 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. சில நொடிகளில் முடிந்தது. நம் வீட்டு இடிப்பு அப்படி இல்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசி விடும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

படி 6: லாரி எங்கே கொட்டுகிறது?

சென்னையில் கட்டட இடிபாட்டைப் பதப்படுத்தும் மாநகராட்சி நிலையங்கள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. வெளியே நடப்பது வேறு. ராத்திரியில் ஏரிக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் கொட்டிவிட்டுப் போகிற டிப்பர்களைப் பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம் அது. வாடகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, கொட்டிய இடத்தின் ரசீதைக் காட்டினால் தருகிறேன் என்று முதலிலேயே பேசுங்கள். டிப்பர் கிளம்புமுன் தார்ப்பாய் மூட வேண்டும், சக்கரத்துச் சேற்றை மனைக்குள்ளேயே தட்டிவிட வேண்டும். தெருவில் விழும் சேறு அடுத்த மழையில் வடிகாலுக்குத்தான் போகும். தெருவில் யாராவது கொட்டினால் மாநகராட்சிக்குப் புகார் எண் 1913.

படி 7: காலி மனை

கட்டுமானம் தொடங்கத் தாமதமானால் சம்பிலும் குழியிலும் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஐந்து நாளைக்கு ஒருமுறை இறைத்துவிடுங்கள். கிணற்றில் இடிபாட்டைக் கொட்டாதீர்கள், பக்கத்துக் கிணறுகளின் ஊற்றும் அதுதான். போர் குழாய்க்கு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள். 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் போர் குழியில் விழுந்த குழந்தையைப் பறிகொடுத்த பிறகும் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

பின்சேர்க்கை: ஜல்லி மூட்டை செய்யச் சோம்பல்பட்டு, வடிகால் வாயைத் தார்ப்பாயால் முழுக்க மூடிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ராத்திரி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். வாயை மூடக்கூடாது, வடிகட்டத்தான் வேண்டும். பலத்த மழை என்று வானிலை மையம் சொன்னால் மூட்டைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: பச்சைக் கலர் எவ்வளவு என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒரு வாளிக்கு 50 கிராம் போட்டேன். பொடியைக் கையால் கரைக்காதீர்கள். அந்த வாரம் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தி பரிமாறியவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.